இரண்டாம் சரணத்தில் ஒரு கீச்

ஃபாதர், முதலில் அந்தச் சின்ன மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அதன் பேரிங் போய்விட்டது. சுற்றுக்கு ஒரு ‘டிக்’ போடுகிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும், எனக்கு அந்த ‘டிக்’கோடு சேர்த்துப் பாவத்தைச் சொல்ல வராது. நன்றி. அடுத்த வாரம் வந்து நானே மாற்றித் தருகிறேன். கூடவே பீடத்துக்கு வலது பக்க ஸ்பீக்கரையும் பார்க்க வேண்டும். அதன் வயரை யாரோ தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள், உங்கள் பிரசங்கத்தில் பாதி அங்கேயே காணாமல் போகிறது. குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

நான் கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்தது போன வருஷப் பாஸ்காவுக்கு முன்னால். அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் இல்லை. கோபம் இரண்டு மூன்று தடவை. தபசு காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மறந்துபோய் இறைச்சி. அப்புறம் இந்த ரோலண்ட் மச்சானுடைய பறவை வீட்டு விஷயம். அது பாவத்தில் சேருமா, சேராதா என்று எனக்கே நிச்சயமில்லை. என் மனைவி எவ்லின் சேரும் என்கிறாள். “முதல்ல ஃபாதர்கிட்ட போய் சொல்லுங்க, அப்புறம் எங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க” என்று அனுப்பியிருக்கிறாள். உங்களிடம் சொன்னால் நீங்களே நியாயத்தைப் பார்த்துச் சொல்வீர்கள் என்று நானும் கிளம்பி வந்துவிட்டேன்.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் யார் என்று தெரியாத மாதிரி இருப்பது உங்கள் முறை. அதை மதிக்கிறேன். ஆனால் இந்த லாயாங் லாயாங் ஊரில் பேரிங்கைப் பற்றிப் பேசிக்கொண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறவன் கிளெமென்ட் ஒருவன்தான் என்று உங்களுக்கும் தெரியும். முப்பத்திரண்டு வருஷம் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்தேன், ஒரு விபத்து கிடையாது. குடி இல்லை, லாட்டரி நம்பர் எடுக்கிற பழக்கம் இல்லை. முன்ஹாலில் ஒரு பாட்டு செட் இருக்கிறது, அவ்வளவுதான். ஓர் ஆம்ப்ளிஃபையர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், எதிரே ஒரு நாற்காலி. சத்தம் இரண்டு பக்கமும் சரியாக வந்து சேரும் இடம் அந்த ஹாலில் ஒன்றுதான், அதனால் ஒரே நாற்காலி. மாலை ஆறரையிலிருந்து ஏழரை வரை அதில் உட்காருவேன். அப்போது வெயில் இறங்கிவிடும், ஃபேனை நிறுத்தலாம். நாளைக்கு ஒரு மணி நேரம் ஒரு மனுஷனுக்கு அதிகமா, நீங்களே சொல்லுங்கள்.

கேட்பது ஒரே பாட்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், நம் கோயில் திருவிழாவுக்குப் பாடகர் குழு பயிற்சி செய்த ஒரு சனிக்கிழமை மத்தியானம், நானே இரண்டு மைக் வைத்துப் பதிவு செய்த நற்கருணைப் பாட்டு. முதல் சரணம் எல்லோரும் பாடுவார்கள். இரண்டாம் சரணம் எவ்லின் தனியாக. நீங்கள் அப்போது இந்தப் பங்கில் இல்லை. நீங்கள் கேட்டிருப்பது தைராய்டு ஆபரேஷனுக்குப் பிறகு இருக்கிற குரலை. தேங்காய் துருவுகிற மாதிரி இருக்கும். டாக்டர் முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார், அதில் யார் தப்பும் இல்லை. நாலு வருஷம் ஆகிறது. அன்றைக்கு அவள் பாடகர் குழுவை விட்டாள், பிறகு சமையல்கட்டில் முணுமுணுப்பதையும் விட்டாள். ஆக, எவ்லின் பாடுவதைக் கேட்க எனக்கு மிஞ்சியிருப்பது அந்த ஒரு பாட்டு. அந்தக் குரல் என்றால் எனக்கு உயிர், ஃபாதர். இதை நான் வெளியே சொன்னதில்லை. அவளிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரியில் நான் டேக் மாற்றினேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. டேக் என்றால் ஒன்றுமில்லை, பாட்டு கம்ப்யூட்டருக்குள் வெறும் எண்களாக இருக்கிறது, அந்த எண்களை மறுபடியும் சத்தமாக மாற்றிக் கொடுக்கிற பெட்டி. என்னிடம் இருந்தது சாதாரணப் பெட்டி. ஸ்கூடாயில் டாரில் என்று ஒரு விரிவுரையாளர் இருக்கிறார், இந்தச் சாமான்களில் பைத்தியம். அவர்தான் வால்வு வைத்த டேக் ஒன்றைத் தருவித்துக் கொடுத்தார். பழைய ரேடியோக்களுக்குள் கண்ணாடி வால்வு இருக்குமே, அதேதான். இரண்டு வால்வு. சூடேறினால் உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கனலும். எவ்லின் துடைப்பத்தோடு வந்து நின்று பார்த்தாள். “ஊரெல்லாம் எல்.இ.டி.க்கு மாறியாச்சு, நீங்க என்னங்க மறுபடியும் விளக்கு ஏத்துறீங்க?” என்றாள்.

புது வால்வு நூறு மணி நேரம் ஓடினால்தான் பதத்துக்கு வரும். பத்து நாள் பகலெல்லாம் ஓடவிட்டேன். அந்தப் பத்து நாளும் எவ்லின் அவள் டிவி தொடரைப் பக்கத்து வீட்டில் போய்ப் பார்த்தாள். பதினோராம் நாள் மாலை உட்கார்ந்தேன். இரண்டாம் சரணம் வந்தது. மேல் ஸ்தாயிக்குப் போகுமுன் எவ்லின் மூச்சை இழுத்தாள். பத்தொன்பது வருஷமாக அந்த மூச்சு அந்தப் பதிவுக்குள்ளேயே இருந்திருக்கிறது, எனக்குக் கேட்டதேயில்லை. பக்கத்தில் நின்று இழுக்கிற மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த மூச்சுக்கு நடுவில், சரியாக நடுவில், ‘கீச்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

பொறுமையாகத்தான் தேடினேன். வால்வை மாற்றிப் பார்த்தேன். கேபிளை மாற்றினேன். பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தேன். கீச் அங்கேயே இருந்தது. ஸ்கூடாய்க்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். போக வர நெரிசலில் அரை நாள். டாரில் சோதித்துப் பார்த்துவிட்டு, “அங்கிள், பெட்டியில ஒண்ணும் கோளாறு இல்ல லா. முன்ன இருந்தது மங்கலா காட்டுச்சு, இது எல்லாத்தையும் காட்டுது. இனிமே உங்க வீட்டுச் சத்தமெல்லாம் வெளிய தெரியும்” என்றார். நியாயமாகப் பட்டது. கண்ணாடியைத் துடைத்தால் அழுக்கு தெரியத்தானே செய்யும்.

ஆகவே வீட்டில் ஆரம்பித்தேன். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினேன். மீன்தொட்டியின் மோட்டாரை அந்த ஒரு மணி நேரம் நிறுத்தினேன். மீன்கள் ஒன்றும் சொல்லவில்லை, அப்புறம் ஒருநாள் மிதந்தன. ஐஸ்பெட்டியை நிறுத்திவிட்டுத் திரும்பப் போட மறந்ததில் ஒரு முழுக்கோழி வீணாயிற்று. எவ்லினிடம் அந்த நேரத்தில் அம்மி வேண்டாம், தாளிப்பு வேண்டாம், செருப்புப் போட்டு நடக்க வேண்டாம் என்று சொன்னேன். “மூச்சு விடலாமா?” என்று கேட்டாள். மெதுவாக விடலாம் என்றேன். இதைச் சொன்னபோது நான் சிரிக்கவில்லை என்று பிற்பாடு அவள் குற்றம் சாட்டினாள். இருக்கலாம்.

அதற்குப் பிறகும் கீச் போகவில்லை. வீட்டில் நிறுத்துவதற்கு வேறு ஒன்றும் மிச்சமும் இல்லை. பின்கதவைத் திறந்தேன். சந்துக்கு அந்தப் பக்கம் மச்சானுடைய பறவை வீடு.

உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எவ்லினுடைய அண்ணன் ரோலண்ட் முப்பது வருஷம் லோரி ஓட்டியவர். முதுகு போனதும் லோரியை விற்று, சேமிப்பையெல்லாம் போட்டு, எங்கள் பின்சந்தில் இருந்த கடைவீட்டின் மேல்மாடியைப் பறவைகளுக்கு விட்டார். ஜன்னலை அடைத்து, மேலே ஒரு துவாரம் வைத்து, உள்ளே இருட்டாக்கி, ஸ்பீக்கரில் நாள் முழுக்கப் பறவைச் சத்தம் போட வேண்டும். சத்தத்தைக் கேட்டு வாலிட் குருவிகள் வந்து கூடு கட்டும். அந்தக் கூட்டைத்தான் சீனர்கள் சூப்புக்கு வாங்குவார்கள். முதல் வருஷம் ஒரு குருவி வரவில்லை. இரண்டாம் வருஷம் நாலைந்து. இந்த மூன்றாம் வருஷம்தான் தொண்ணூறு கூடு. சாயந்திரமானால் சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீடு திரும்புகிற குருவிகளை எண்ணுவார். “மாப்பிள்ள, இன்னைக்கு நூத்தி நாப்பது” என்று என் பின்கதவைத் தட்டிச் சொல்வார். அவருக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. அந்தப் பறவை வீடு போனால் அவருக்கு வேறொன்றும் கிடையாது. இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கிற ஆள் நான் இல்லை.

அந்த வீட்டுக்கு ஆம்ப்ளிஃபையர் பொருத்தி, ஸ்பீக்கர் மாட்டி, வயர் இழுத்துக் கொடுத்தவன் நான்தான். சாவி ஒன்று என்னிடமே இருந்தது. கூலியாக ஒரு வெள்ளிகூட வாங்கவில்லை.

மச்சானிடம் கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் உடனே குறைத்திருப்பார். அதுதான் சிக்கல். அவர் அப்படிப்பட்ட மனுஷன். “ஐயோ, சொல்ல வேணாமா மாப்பிள்ள” என்று பதறியிருப்பார். அப்புறம் ஒவ்வொரு நாளும் அவர் முகத்தைப் பார்க்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். ஒரு நல்ல மனுஷனுக்குக் கடமைப்பட்டுக் கிடப்பதைவிட, அவருக்குத் தெரியாமல் காரியத்தை முடிப்பது இரண்டு பேருக்கும் நல்லது என்று பட்டது.

முதலில் வெளி ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். வாரத்துக்கு ஒரு புள்ளி. மச்சானுக்கு லோரி எஞ்சின் தின்ற காது, கண்டுபிடிக்கவில்லை. எனக்குக் கீச் குறையவில்லை. அதனால் ஆறரையிலிருந்து ஏழரை வரை வெளி ஸ்பீக்கர் அடியோடு நிற்கிற மாதிரி டைமர் வைத்தேன். அந்த நேரத்தில்தான் குருவிகள் வீடு திரும்பும், சத்தத்தை வைத்துத்தான் வழி பிடிக்கும். ஆனால் என் நேரமும் அதுதானே. மச்சானிடம், “ஆம்ப்ளிஃபையர் சூடாவுது மச்சான், ஒரு மணி நேரம் ஓய்வு குடுக்கணும்” என்றேன். “நீ சொன்னா சரிதான் மாப்பிள்ள, உனக்குத் தெரியாததா” என்றார். நூற்று நாற்பது தொண்ணூறாயிற்று. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு தவுக்கே, சீன முதலாளி, அவரும் பறவை வீடு வைத்திருக்கிறார். வழி தெரியாத குஞ்சுக் குருவிகளெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தன. அவர் எனக்கு ஒரு பெட்டி மண்டரின் ஆரஞ்சு அனுப்பியிருக்கலாம்.

எனக்குக் கீச் அப்படியே இருந்தது. உள் ஸ்பீக்கரையும் நிறுத்திப் பார்த்தேன். கீச். அப்போது ஒன்று தெளிவாயிற்று. சத்தம் மச்சானுடைய பறவைப் பதிவிலிருந்து வரவில்லை, நிஜப் பறவைகளிடமிருந்து வருகிறது. ஸ்பீக்கரென்றால் பொத்தானைத் திருப்பலாம். பறவைக்குப் பொத்தான் கிடையாது.

காஹாங் பக்கம் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் எலி பிடிக்க ஆந்தை வளர்ப்பார்கள், பார்த்திருப்பீர்கள். தூணின் மேல் மரப்பெட்டி வைத்திருக்கும். கூகை இனம். நான் இரண்டு மைக்கையும் எடுத்துக்கொண்டு ஒரு மாலை போனேன். கூகை குழறும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது தப்பு. அது சீறுகிறது. கெட்டித் துணியைக் கிழிக்கிற மாதிரி. தன்னடக்கத்தை விட்டுச் சொல்கிறேன் ஃபாதர், என் வாழ்க்கையில் நான் செய்த மிகச் சுத்தமான பதிவு அதுதான். கூகை இறக்கையை மடக்குகிற சத்தம்கூட விழுந்திருக்கிறது.

அதை யு.எஸ்.பி.யில் போட்டுப் பறவை வீட்டின் உள் ஸ்பீக்கருக்குக் கொடுத்தேன். அங்கே இருந்த மலிவுப் பெட்டியில் அது தகர டப்பாவுக்குள் பூனை கத்துகிற மாதிரி வந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும். வீட்டில் சும்மா கிடந்த என் பழைய டேக்கைக் கொண்டுபோய் அங்கே பொருத்தினேன். அப்புறம் கேட்டுப் பாருங்கள், எனக்கே பின்கழுத்து சிலிர்த்தது. தினமும் ஆறரைக்கு ஆரம்பித்து ஏழரைக்கு நிற்கும்.

அந்தச் சீறலுக்குப் பயந்து ஒன்பது நாளில் குருவிகள் எல்லாம் போய்விட்டன. பத்தாம் நாள் மச்சான் கதவைத் தட்டவில்லை. எட்டிப் பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்து வெறும் துவாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தமாக இருந்தது. உண்மையாகவே இருந்தது. பின்கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

கூட்டில் குஞ்சு இருந்ததா என்று நீங்கள் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். சிலது இருந்தன. அங்கே கூட்டிப் பெருக்கிக் காவல் இருந்த அய்யாவுதான் அவற்றைப் பொறுக்கி எடுத்து, எறும்பு முட்டை ஊட்டி வளர்த்துப் பார்த்தார். அதற்கு பிஸ்கட் டின் கொடுத்தவன் நான். மூடியில் காற்றுக்கு ஓட்டையும் போட்டுத்தான் கொடுத்தேன். ஏழில் இரண்டு பிழைத்தன.

பிறகு மச்சான் உங்களை அழைத்து வந்தார். ஞாபகம் இருக்கும். நீங்கள் மேல்மாடியில் நின்று ஜெபித்தீர்கள், தீர்த்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். நீங்கள் தாராளமாகத் தெளித்ததில் கொஞ்சம் ஆம்ப்ளிஃபையருக்குள் போய் இடது பக்கம் எரிந்துவிட்டது. அதை நான் அன்றைக்கே சரி செய்துவிட்டேன். கூகை ஒரு பக்கம் மட்டும் கேட்டால் நம்பும்படியாக இருக்காது. ஆக, குருவிகள் திரும்பி வராததற்கு உங்கள் ஜெபத்தில் குறை ஏதும் இல்லை. அது உங்கள் மனதை உறுத்திக்கொண்டிருந்தால், இன்றைக்கு இறக்கி வைத்துவிடுங்கள்.

அய்யாவு விஷயமும் இருக்கிறது. அய்யாவு சிகரெட் பிடிப்பார். அந்தப் புகைதான் காரணம் என்று யாரோ மச்சானிடம் சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான் சொன்னேன். அவர் கேட்டார், “மாப்பிள்ள, உனக்கு என்ன தோணுது?” என்று. எனக்குத் தோன்றியதைச் சொல்ல முடியாத நிலையில் வேறு ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அய்யாவு சந்தில் நின்று, “சாமி சத்தியமா உள்ள நான் பத்தவச்சதே இல்ல முதலாளி” என்று அழுதார். மச்சானும் அழுதார். ஆனாலும் அனுப்பிவிட்டார். இப்போது அய்யாவுக்குக் காஹாங்கில் வேலை. தோட்டத்தில் ஆந்தைப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறாராம். அதே தோட்டம்தான். உலகம் சின்னது.

ஆக, மே மாதம் முதல் வாரத்தில் லாயாங் லாயாங்கில் என் பின்சந்தைப் போல அமைதியான இடம் இல்லை. நான் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வால்வு கனன்றது. முதல் சரணம் முடிந்தது. எவ்லின் மூச்சை இழுத்தாள்.

கீச்.

அந்த நேரத்தில் அவள் கோப்பியோடு ஹாலைக் கடந்து போனாள், வெறுங்காலோடு. நின்றாள். அவளுடைய முகம் மலர்ந்துவிட்டது. அப்படி மலர்ந்து நாலு வருஷமாகிறது.

“அட, நம்ம கோயில் சிட்டுக்குருவி” என்றாள்.

எந்தச் சிட்டுக்குருவி என்று கேட்டேன்.

“பீடத்துக்கு மேல கூடு கட்டியிருந்துச்சுங்களே. நீங்க அன்னைக்கு ரெக்கார்ட் பண்ண வந்தப்ப குஞ்சு பொரிச்சிருந்துச்சு. நான் மூச்சு எடுக்கிற இடம் பார்த்துக் கத்தும். எல்லாருக்கும் சிரிப்பு. அதோட சேர்ந்துதானே நான் பாடினேன்.” வால்வுப் பெட்டியைப் பார்த்து, “பரவால்லயே உங்க விளக்கு. குருவியக்கூட கூட்டிட்டு வந்திருச்சே” என்றாள்.

அதாவது, கீச் எங்கள் வீட்டிலும் இல்லை, மச்சான் வீட்டிலும் இல்லை. பாட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது. அந்த மூச்சைப் போலவே. பழைய பெட்டி இரண்டையும் மறைத்து வைத்திருந்தது, புதுப்பெட்டி இரண்டையும் கொடுத்தது. டாரில் சொன்னது சரிதான், பெட்டியில் கோளாறு இல்லை. அந்த விஷயத்தில் எனக்குப் பெரிய நிம்மதி. எல்லா நாளும் ஒரே இடத்தில்தானே கேட்டது, அதை ஏன் கவனிக்கவில்லை என்று எவ்லின் பிறகு கேட்டாள். கவனித்தேன். மச்சானுடைய குருவிகள் தினமும் என் பாட்டைக் கேட்டுக் கேட்டு அந்த இடத்தில் கத்தப் பழகிவிட்டன என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். கணக்கில் பிழை இல்லை, ஃபாதர். பறவைதான் வேறு.

அன்றைக்கே போய்க் கூகையைக் கழற்றினேன். டைமரை எடுத்தேன், சத்தத்தைப் பழையபடி வைத்தேன். என் பழைய டேக்கை அங்கேயே விட்டுவிட்டேன், நஷ்டஈடாக. பழையபடி ஆகிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் நான் எதையும் பெயர் எழுதி வைக்கிறவன். ரயில்வேயில் வந்த பழக்கம். சட்டைப்பையில் மறந்துவிட்ட யு.எஸ்.பி. துவைக்கும்போது எவ்லின் கையில் கிடைத்தது. அதன் மேல் என் கையெழுத்தில், குண்டு குண்டாக: ‘கூகை. காஹாங். மாலை 7.20. ரோ. மச்சான் உள் ஸ்பீக்கர். மிக நன்று.’

“ஏங்க, அண்ணன் வீட்டுக்குள்ள ஆந்தை எதுக்கு?” என்று கேட்டாள்.

நான் அவளிடம் பொய் சொல்வதில்லை. உட்காரவைத்து, இப்போது உங்களிடம் சொன்ன மாதிரியே, முதலிலிருந்து வரிசையாகச் சொன்னேன். எல்லாம் உன் குரலுக்காகத்தான் என்றும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, “இத்தனை நாள் நான் இங்கதானே இருந்தேன்” என்றாள். நான் ஆமாம் என்றேன். செருப்பைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு பின்கதவு வழியாகப் போனாள்.

அதிலிருந்து தினமும் சாயந்திரம் அங்கேதான் இருக்கிறாள். மச்சானிடம் ஒன்றும் சொல்லவில்லை, அது நான் சொல்ல வேண்டியதாம். அவர் பக்கத்தில் இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காருகிறாள். மேலே போய்ப் பெருக்குகிறாள். முதல் இரண்டு நாள் சும்மா இருந்தாள். மூன்றாம் நாள் பாட ஆரம்பித்துவிட்டாள். ஆமாம், பாடத்தான் செய்கிறாள். அதே நற்கருணைப் பாட்டு. மச்சான் பின்கதவைத் தட்டி, கண்ணெல்லாம் தண்ணீராக, “மாப்பிள்ள, கேட்டியா, எவ்லின் பாடுறா லா. நாலு வருஷத்துக்கு அப்புறம்” என்றார். நேற்று பதினொரு குருவி உள்ளே போயிற்றாம். அவள் பாட்டுக்குத்தான் வருகின்றன என்று அண்ணனும் தங்கையும் நம்புகிறார்கள். என் பழைய டேக்குக்காக வருகின்றன என்பது என் கருத்து. அதை நான் வற்புறுத்தவில்லை.

மச்சானிடம் சொல்லிவிடுகிறேன், ஃபாதர். இன்று பூசை முடிந்து போகிற வழியில் சொல்லுகிறேன். அய்யாவையும் போய்ப் பார்த்துக் கூட்டிவருகிறேன், புகை அவருடையதில்லை என்று மச்சான் எதிரில் வைத்தே சொல்லுகிறேன். ஜெபம் எத்தனை சொல்ல வேண்டுமோ சொல்லுங்கள், ஒன்றும் குறைக்க வேண்டாம். நான் அதற்கெல்லாம் தயங்குகிற ஆள் இல்லை.

ஒரே ஓர் உதவிதான் உங்களிடம் கேட்க வேண்டும். பாடகர் குழுவுக்கு அவளை மறுபடியும் நீங்கள் கூப்பிட்டால் வருவாள். பயிற்சியை மட்டும் சாயந்திரம் ஆறரைக்கு வைத்துவிடுங்கள், முடிந்தால் வாரம் முழுக்க. ஏனென்று சொல்லுகிறேன். இப்போதெல்லாம் நான் உட்கார்ந்து, இரண்டாம் சரணம் வந்து, எவ்லின் மூச்சை இழுக்கிற அந்த இடத்தில், சந்திலிருந்து இவள் குரல் வந்து விழுகிறது. கரகரவென்று, அரை ஸ்வரம் இறங்கி, தாளம் தப்பி. என் வால்வு அதை ஒரு சொட்டு விடாமல் எடுத்துக் கொடுக்கிறது. ஜன்னலைச் சாத்திப் பார்த்தேன், திரைத்துணி போட்டுப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அவளிடமே சொல்லலாம்தான், ஆனால் பாவம், இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் வாயைத் திறந்திருக்கிறாள், அவள் மனது நோகும். எவ்லின் பாடுவதைக் கேட்க எனக்கு நாளில் கிடைப்பதே அந்த ஒரு மணி நேரம்தான், ஃபாதர். அந்த நேரம் பார்த்து அவள் வந்து பாடினால், நான் எப்படிக் கேட்பது?